பழைய படம் எங்கே போகும்? ஏ.ஐ. டூல்கள் சொல்ல வேண்டிய பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, மொபைல் போனில் சேர்ந்து கிடக்கும் போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைப்பது. அடுத்த வேலை அவற்றைச் சரி செய்வது. மங்கலாக இருப்பதைத் தெளிவாக்க வேண்டும். பின்னால் தெரியும் குப்பைத் தொட்டியை எடுக்க வேண்டும். தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்திற்கு வண்ணம் தர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதற்கு போட்டோஷாப் போன்ற புரோகிராம் ஒன்றைக் கற்றுக் கொள்ள வேண்டியிருந்தது. இல்லையேல் ஸ்டுடியோக்காரரிடம் போக வேண்டும். இப்போது "இந்த போல்டரில் உள்ள படங்களைச் சரி செய்" என்று ஒரு வரி டைப் செய்தால் போதும். ஏ.ஐ. ஏஜன்ட் என்று அழைக்கப்படும் புரோகிராம்கள் அந்த வேலையை முடித்துத் தந்து விடுகின்றன.

நல்ல வசதிதான். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இத்தகைய டூல்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் அலுவலக வேலைகளில் ஒன்று. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். படத்தை மாற்றித் தரும் டூல்கள் பெருகிய வேகத்தில் அவற்றுக்கான குறிப்புகள் வளரவில்லை. மாற்றிய பிறகு பழைய படம் எங்கே போகும் என்ற எளிய கேள்விக்கு, நான் பார்த்த பல குறிப்புகளில் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாத டூலிடம் நம் வீட்டுப் படங்களைத் தரக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஏஜன்ட் எது, டூல் எது?

ஏஜன்ட் என்பது நாம் சொல்வதைப் புரிந்து கொண்டு, என்னென்ன செய்ய வேண்டும் என்று தானே திட்டமிட்டு, ஒவ்வொன்றாகச் செய்யும் புரோகிராம். ஆனால் பைலைத் திறப்பது, படத்தை வரைவது, சேமிப்பது போன்ற வேலைகளுக்கு அது பிற சிறிய புரோகிராம்களை அழைக்கிறது. இவையே டூல்கள்.

கல்யாண வீட்டுச் சமையலை எடுத்துக் கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர்தான் ஏஜன்ட். சரக்கு அறையில் வரிசையாக இருக்கும் டப்பாக்கள் டூல்கள். இந்தச் சமையல்காரர் டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது; மேலே ஒட்டியுள்ள சீட்டை மட்டுமே படிக்க முடியும். சீட்டில் "வெள்ளைத் தூள்" என்று எழுதியிருந்தால், பாயசத்தில் உப்பு விழுந்ததற்கு யாரைக் குறை சொல்வது?

ஏஜன்ட்டின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பொதுவாக டூலின் உள்ளே உள்ள புரோகிராம் வரிகள் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. டூலின் பெயர், அது என்ன செய்யும் என்ற சில வரி விளக்கம், அதற்குத் தர வேண்டிய தகவல்கள் ஆகியவைதான் தெரியும். அந்தச் சில வரிகளைப் படித்துத்தான் எந்த டூலை, எப்போது, எப்படி அழைப்பது என்று முடிவு செய்கிறது. சாதாரண சாப்ட்வேருக்கு மேனுவல் இல்லாவிட்டாலும் நாம் தட்டித் தடவிக் கற்றுக் கொள்வோம். ஏஜன்ட்டுக்கு அந்தக் குறிப்புதான் கண்.

"மாற்று" என்றால் என்ன பொருள்?

படத்தை மாற்றும் டூல் ஒன்றுக்கு "படத்தை மாற்றும்" என்று மட்டும் குறிப்பு எழுதப்பட்டுள்ளது என்று வைத்துக் கொள்வோம். இதில் எத்தனை பொருள் இருக்கிறது பாருங்கள்.

ஒரு படத்தின் ஒரு பகுதியை, உதாரணமாகப் பின்னணியை மட்டும், வேறாக வரைவதும் மாற்றுவதுதான். ஒரு பைலை எடுத்துவிட்டு அதே பெயரில் இன்னொரு பைலை வைப்பதும் மாற்றுவதுதான். கல்யாணப் பத்திரிகை டிசைனில் உள்ள மணமகன் படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தைச் செருகுவதும் மாற்றுவதுதான். முதலாவதில் படம் கெடலாம். இரண்டாவதில் பழைய படமே இல்லாமல் போகும். மூன்றாவதில் டிசைன் மட்டும் மாறும். படங்கள் இரண்டும் பத்திரமாக இருக்கும். மூன்றும் ஒரே சொல்லில் அடங்கி விடுகின்றன. நம் தமிழில் திருத்துவதற்கும் மாற்று, எடுத்துவிட்டு வேறு வைப்பதற்கும் மாற்று.

குறிப்பில் விடுபட்டதை ஏஜன்ட் தானே ஊகித்து நிரப்பிக் கொள்ளும். பல நேரம் சரியாகவே ஊகிக்கும். தவறாக ஊகித்தால், மங்கலான படங்களைச் சரி செய்யச் சொன்ன போல்டரில், அதே பெயரில் புதிய படங்கள் அமர்ந்திருக்கும். புதிய கம்ப்யூட்டர் உரிமையாளர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். விண்டோஸில் ஒரு பைலை டெலீட் செய்தால் அது வழக்கமாக ரீசைக்கிள் பின் செல்லும், திரும்ப எடுக்கலாம். ஆனால் ஒரு புரோகிராம் ஒரு பைலின் மேலேயே வேறொன்றை எழுதிச் சேமித்தால், பழையது ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லாது. அந்த போல்டர் கூகுள் டிரைவ் போன்ற சேவையுடன் இணைக்கப்பட்டிருந்தால், மாறிய பைலே அங்கும் போய்ச் சேரும். அதில் பழைய வெர்ஷன்கள் சில நாட்கள் இருக்கும் என்பது ஓர் ஆறுதல். பொதுவாக 30 நாட்களுக்கு மேல் அதை நம்ப முடியாது.

வயலில் எடுத்த படம்

"ஒரு போட்டோ போனால் என்ன, வேறு எடுத்துக் கொள்ளலாம்" என்று சிலர் சொல்லலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனான என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை மக்கள் போனில் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை இனி யாரும் எடுக்க முடியாது. சம்பா, தாளடி அறுவடை நேரத்தில் மழை பெய்து கதிர் தண்ணீரில் கிடக்கும்போதும் இதே கதைதான். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் எழுதும் மனுவோடு போட்டோவை இணைக்கிறோம். தண்ணீர் வடிந்து விட்டால், சாட்சி அந்தப் படம் ஒன்றுதான்.

இப்படி ஒரு படத்தைக் காட்டி என் பெரியப்பா கேட்டார்: "ஏம்பா, இதைத் தெளிவா ஆக்கித் தருதாமே. நல்லதுதானே?"

"நல்லதுதான் பெரியப்பா. ஆனா தெளிவா ஆக்கின பிறகு அது நீங்க எடுத்த படமா இருக்காது. மனுவுக்கு எடுத்தபடியே குடுங்க" என்றேன்.

காரணம் இதுதான். போன் கேமராவில் எடுக்கும் படத்துக்குள், கண்ணுக்குத் தெரியாமல், எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் ஆகியவை பதிவாகின்றன. லொகேஷன் அனுமதி தந்திருந்தால் இடமும் பதிவாகும். இதற்கு எக்சிப் தகவல் என்று பெயர். கம்ப்யூட்டரில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ் பகுதியில் டீடெய்ல்ஸ் டேப்பைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம். ஏ.ஐ. டூல் படத்தைப் புதிதாக வரைந்து சேமிக்கும்போது இத்தகவல்கள் பெரும்பாலும் தங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலே இவை நீங்கிவிடும். டாக்குமெண்ட் ஆக அனுப்பினால் இருக்கும். தேதியும் இடமும் இல்லாத, அதுவும் பளபளப்பாக்கப்பட்ட படத்தை ஓர் அதிகாரி சந்தேகித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த டூலைப் பயன்படுத்தினால் எடுத்த தேதியும் இடமும் போய்விடும் என்று குறிப்பில் ஒரு வரி இருந்தால், ஏஜன்ட்டே உங்களை முன்கூட்டி எச்சரிக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு ஆபத்து எண்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தந்த ரசீதையோ, ஈரப்பதம் காட்டும் மீட்டரையோ படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அது மங்கலாக இருக்கிறது என்று ஏ.ஐ. டூலிடம் தந்தால், அது எழுத்தைப் "படித்து" தெளிவாக்குவதில்லை. இந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. 17 என்பது 11 ஆகலாம். 40 என்பது 48 ஆகலாம். வரைந்த எண் மிகத் தெளிவாக இருக்கும். அதனால்தான் சந்தேகமே வராது.

ஜெராக்ஸ் மெஷினில் நடந்தது

இது ஏ.ஐ. காலத்துக் கற்பனைப் பயம் அல்ல. 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கம்ப்யூட்டர் நிபுணர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒர்க் சென்டர் மெஷினில் ஸ்கேன் செய்தபோது, வேறு வேறு அளவுள்ள மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்று ஒரே எண் வந்திருப்பது தெரிய வந்தது. மூலத்தில் அவற்றில் ஒன்று 17.42, இன்னொன்று 21.11. பைலின் அளவைக் குறைப்பதற்காக, ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும் சிறு பகுதிகளை ஒன்றாகக் கருதி, ஒன்றின் படத்தையே மற்றதற்கும் வைத்து விடும் முறை அந்த மெஷினில் இருந்தது. அதாவது, யாரும் கேட்காமலே அது படத்தை மாற்றியது. மங்கவில்லை, கலங்கவில்லை, தெளிவான, தவறான எண்.

இதில் கவனிக்க வேண்டியது, எழுத்துகள் மாறிப் போகலாம் என்ற எச்சரிக்கை அந்த மெஷினில் ஏற்கெனவே இருந்தது என்பதுதான். தரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் மேனுவலிலும் ஒரு வரி. அதை யார் படித்தார்கள்? பின்னர் அந்த எச்சரிக்கை சொல்லாத செட்டிங்குகளிலும் இப்பிரச்னை இருப்பது தெரிந்து, நிறுவனம் சாப்ட்வேர் திருத்தம் வெளியிட்டது. எனவே குறிப்பு இருந்தால் மட்டும் போதாது. படிக்க வேண்டியவர் கண்ணில் படும் இடத்தில், டூல் உண்மையில் செய்வதோடு ஒத்ததாக இருக்க வேண்டும்.

பெரிய கோயில் சொல்லும் பாடம்

படத்தின் மேல் படம் எழுதிய கதை எங்கள் ஊரிலேயே உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேல் சுதை பூசி வேறு ஓவியங்கள் எழுதப்பட்டன. கீழே இன்னொரு படம் இருப்பதே மறந்து போயிற்று. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டு சொன்ன பிறகுதான் சோழர் ஓவியங்கள் உலகுக்குத் தெரிந்தன. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்கள் சிலவற்றைச் சுதையோடு பெயர்த்து, பைபர் கிளாஸ் பலகைகளில் பொருத்தினர். மேலே இருந்ததும் கெடவில்லை. கீழே இருந்ததும் கிடைத்தது.

அங்கே பழைய படம் பிழைத்ததற்குக் காரணம் சுவர். மேலே பூசினாலும் கீழே உள்ளது இருக்கும். கம்ப்யூட்டர் பைலுக்கு அப்படி ஓர் அடுக்கு தானாக அமைவதில்லை. டூலை எழுதுபவர்தான் அதை அமைக்க வேண்டும்.

அதே கோயிலில் குறிப்பு எழுதும் முறைக்கும் பாடம் இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கொடுத்த நகைகளின் எடையைச் சொல்வதோடு நிற்பதில்லை. எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்றும் சொல்கின்றன. பொன்னுக்கு ஆடவல்லான் என்ற கல்; நெல்லுக்கும் ஆடவல்லான் என்ற பெயரிலேயே ஒரு மரக்கால். கோத்த நூல், அரக்கு போன்றவற்றைச் சேர்த்து நிறுத்த நகை என்றால் அதையும் குறித்து வைத்தார்கள். பிற்காலத்தில் வந்து சரி பார்ப்பவருக்கு ஐயம் வரக் கூடாது என்ற கவனம் அது. "படத்தை மாற்றும்" என்று இரண்டு சொல்லில் குறிப்பு எழுதும் நம் காலத்துப் பொறியாளர்கள் ஒரு முறை அங்கே போய்ப் பார்க்கலாம்.

எதிர்வாதங்கள்

என்னோடு வேலை செய்பவர்கள் இரண்டு மறுப்புகளைச் சொல்வதுண்டு. ஒன்று, குறிப்பு நீண்டால் செலவு கூடும் என்பது. இது உண்மைதான். டூல் குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் ஏஜன்ட்டின் மூளையாக இருக்கும் மாடலுக்கு அனுப்பப்படுகிறது. அதற்குக் கணக்கு உண்டு. அதிலும் ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழில் எழுதினால் கூடுதல் இடம் பிடிக்கும். ஆனால் நான் கேட்பது நீண்ட குறிப்பை அல்ல. ஆறு வரி போதும்.

இரண்டாவது, மாடல்கள் நாளுக்கு நாள் புத்திசாலியாகி வருகின்றன, தானே புரிந்து கொள்ளும் என்பது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏ.ஐ. ஏஜன்ட்டிடம் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தும், அது அவருடைய டேட்டாபேஸை அழித்தது. திரும்பப் பெற முடியாது என்றும் சொன்னது. உண்மையில் திரும்பப் பெற முடிந்தது. அதாவது எப்படி மீட்பது என்பது அந்த ஏஜன்ட்டுக்கே தெரியவில்லை. இந்தச் சம்பவம் என் கட்சிக்கு ஓர் எல்லையையும் காட்டுகிறது. குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஏஜன்ட் அதை மீறலாம். ஆகவே டூல் தானாகவே பழைய பைலைத் தொடாதபடி அமைய வேண்டும். குறிப்பு அதைச் சொல்ல வேண்டும். இரண்டும் தேவை.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஏஜன்ட்டுகளையும் டூல்களையும் இணைக்க 2024 நவம்பரில் அந்தரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்ற பொது முறையில், 2025 முதல் ஒவ்வொரு டூலுக்கும் சில அடையாளங்கள் தரலாம். இது படிக்க மட்டும் செய்யுமா, இருப்பதை அழிக்குமா, ஒரே கட்டளையை இரு முறை தந்தால் விளைவு மாறுமா என்பவை அவை. ஆனால் இவற்றைத் தருவது கட்டாயம் அல்ல. தந்ததும் வெறும் தகவல்தான், உத்தரவாதம் அல்ல என்று அந்த விதிகளே சொல்கின்றன.

ஒரு மாதிரிக் குறிப்பு

நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? என் மாதிரி இதோ:

பெயர்: போட்டோவின் ஒரு பகுதியை மாற்று.
செய்வது: பயனாளர் சுட்டிய பகுதியை மட்டும் புதிதாக வரையும்.
சேமிப்பது: பெயரின் இறுதியில் "மாற்றியது" என்று சேர்த்துப் புதிய பைலாக. மூல பைலைத் தொடாது.
இழப்பது: எடுத்த தேதி, இடம் ஆகியவை புதிய பைலில் இராது.
செய்யக் கூடாதது: ரசீது, பட்டா, சான்றிதழ் போன்ற எழுத்தும் எண்ணும் உள்ள படங்களுக்குப் பயன்படுத்தாதே. பயனாளரிடம் சொல்.
திரும்பப் பெற: புதிய பைலை அழித்தால் போதும்.

இவ்வளவுதான். இதை ஏஜன்ட்டுக்கு ஆங்கிலத்தில் தரட்டும். அதே ஆறு வரிகள் தமிழில், டூலை இன்ஸ்டால் செய்யும் இடத்திலேயே, நம் கண்ணுக்கும் தெரிய வேண்டும். நம்மிடம் ஒன்று, ஏஜன்ட்டிடம் வேறொன்று என்று இருக்கக் கூடாது. தமிழில் கட்டளையிடலாம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், தமிழில் எச்சரிக்கை தரவும் கடமைப்பட்டவை.

நீங்கள் செய்ய வேண்டியது

நிறுவனங்கள் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். கீழே உள்ளவற்றை இன்றே பழக்கப்படுத்திக் கொள்ளுங்கள்.

1. போட்டோக்களின் ஒரு பிரதியைப் பென் டிரைவிலோ, வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். இணைப்பில் இருக்கும் டிரைவை ஏஜன்ட்டும் எட்டும்.

2. மாற்ற வேண்டிய படங்களை மட்டும் தனி போல்டரில் காப்பி செய்து, அந்த போல்டருக்கு மட்டும் ஏஜன்ட்டுக்கு அனுமதி தாருங்கள். முழு டிரைவையும் திறந்து விடாதீர்கள்.

3. வேலையைத் தொடங்கும் முன், "என்ன செய்யப் போகிறாய், பழைய பைல் எங்கே இருக்கும், எப்படித் திரும்பப் பெறுவது?" என்று கேளுங்கள். பதிலைப் படித்த பிறகு அனுமதி தாருங்கள். அது சொல்வதை அப்படியே நம்பாமல், ஒரே ஒரு படத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

4. பட்டா, ரசீது, மதிப்பெண் சான்றிதழ், மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் படங்களை "தெளிவாக்க" எந்த ஏ.ஐ. டூலிடமும் தராதீர்கள். மங்கலாக இருந்தால் நல்ல வெளிச்சத்தில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

5. மனுவோடு இணைக்கும் வயல் படங்களை எடுத்தது எடுத்தபடி தனி போல்டரில் வையுங்கள்.

டூலுக்குக் குறிப்பு எழுதுவதை எங்கள் துறையில் கடைசி நாள் வேலையாகவே பலரும் நினைக்கிறார்கள். டூலைப் பயன்படுத்துபவர்கள் கேட்கத் தொடங்கினால் அது மாறும். படத்தை மாற்றித் தரும் புரோகிராம் எதையாவது வாங்கும் முன்னோ, இலவசமாக டவுன்லோட் செய்யும் முன்னோ, அதன் ஹெல்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய படம் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிப் பதில் அங்கே இல்லையென்றால், அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும் வரை உங்கள் குடும்ப ஆல்பத்தை அதனிடம் தர வேண்டாம்.